ஒரு முழம் தளர்த்தினேன்

இந்தப் பை உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்க அண்ணாச்சி, மடியில் வைத்துக்கொள்கிறேன். கண்டக்டர் மேலே கம்பியில் வைக்கச் சொல்கிறார். வைக்க மாட்டேன். கனமெல்லாம் இல்லை. துணிதான்.

நீங்க எதுவரை? கடைசி வரைக்குமா? நல்லது. அங்கே இறங்கினால் எதிரிலேயே கடல். நான் அதற்கு முந்தின நிறுத்தம். சிப்பிமுனை விலக்கு.

போன வாரமும் இதே பஸ்ஸில்தான் வந்தேன். சிப்பிமுனை விலக்கில் இறங்கவில்லை. தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ராத்திரி வேலை பார்க்கிறவன், பகலில் உட்கார்ந்தால் கண் சொருகத்தானே செய்யும்? கடைசி ஸ்டாப்பில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அதே பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன். இன்றைக்கு இறங்கிவிடுவேன்.

அங்கே கித்தேரியான் என்று ஒருத்தன் இருக்கிறான். எனக்குத் தம்பி மாதிரி. மாதிரி என்ன, தம்பிதான். ஆடி அமாவாசைக்குப் பிறகு என் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். மணி அடிக்கிறது, அடித்து அடித்து ஓய்கிறது. ஒரு மனுஷன் இப்படிச் செய்யலாமா, நீங்களே சொல்லுங்க. கோபம் என்றால் திட்டு. நான் மூத்தவன், கேட்டுக்கொள்கிறேன். கையில் அடி என்கிறார்கள். அடி ஒரு கையில்தானே? இன்னொரு கை இருக்கே?

இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. விடுங்க.

மருதந்துறைக்கு வந்திருக்கிறீங்களா? பரிகாரத் துறை. வெளியூர்க்காரர்கள் வேன் வேனாக வருவார்கள். உடுத்தின துணியோடு ஆற்றில் முங்கி எழுந்து, அந்தத் துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வேறு உடுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட வேண்டும். அதுதான் முறை. பிடித்த தோஷம் துணியோடு போய்விடும். போய்விடும் என்றால் எங்கே? அதை யாரும் கேட்கிறதில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் கேட்டதில்லை.

கேட்டது கித்தேரியான்தான்.

எங்கள் ஆற்றங்கரையில் ஐந்து ஊர். முதல் ஊர் நாங்கள். கடைசி ஊர் சிப்பிமுனை, ஆறு கடலில் சேர்கிற இடம். ஐந்து ஊரும் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு போட்டார்கள், ஆற்றுக் குப்பை கடலுக்குப் போகக் கூடாது என்று. மருதந்துறைக் கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஓர் அண்டாவில் ஊற்றினார்கள். போட்டோ எடுத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் குடிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில். கூட்டம் முடிந்து அந்தப் பாட்டிலை எல்லாம் சாக்கில் கட்டினது நான்தான்.

குழுவுக்குப் பொறியாளர் சண்முகவடிவு மேடம். நல்ல மனுஷி, வெயிலில் நிற்பார்கள். அவர்கள் ஏற்பாடுதான் மாலை. நாங்கள் மாலை என்று சொல்வோம். நீல பீப்பாய்களைக் கயிற்றில் கோத்து, அடியில் வலை கட்டி, ஆற்றுக்குக் குறுக்கே கரைக்குக் கரை மிதக்கவிடுவது. தண்ணீர் போகும், குப்பை நிற்கும். பகல்காரர்கள் பரிசலில் வந்து அள்ளுவார்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை காவல் நான். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது அண்ணாச்சி. மிச்சத்தை எல்லாம் அந்த மாலையில் வந்து மாட்டுகிற தாளில் படித்தேன். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், விடைத்தாள். காயவைத்துப் படிப்பேன். தூக்கம் வராதவனுக்கு அது ஒரு துணை.

எங்கள் மாலையும் சிப்பிமுனை மாலையும்தான் கட்டி முடிந்தது. நடுவில் இருக்கிற மூன்று ஊருக்கும் இன்னும் பீப்பாய் வந்து சேரவில்லை. அதனால் நான் விட்டால், நேரே கித்தேரியான் தலையில்தான். அதற்காகவே மேடம் ஒரு விதி வைத்தார்கள். வெள்ளத்துக்கோ, எதற்கோ, மேலே கயிற்றைத் தளர்த்தினால் உடனே கீழே போன் பண்ண வேண்டும். சொல்லிவிட்டால் அவன் இரட்டைக் கயிறு போட்டு, ஆள் சேர்த்துக்கொண்டு நிற்பான். சொல்லாமல் விட்டால் தனியாக மாட்டுவான். அவ்வளவுதான் விதி. ஒரு போன்.

அந்தக் கூட்டத்தில்தான் அவனை முதலில் பார்த்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மருதந்துறை அண்ணன் நீங்கதானா? கும்புடுதேன். உங்க ஊருல இருந்து வருஷா வருஷம் எனக்கு வேட்டியா வருது. ஒண்ணாவது என் அளவுக்கு அனுப்பக் கூடாதா?"

"நாங்க ஆத்துக்குக் குடுக்கோம்ப்பா. உனக்கா குடுக்கோம்?"

"ஆறு வாங்கி என்ன செய்யும்ங்கிய? அது எங்கிட்டல்லா குடுத்துட்டுப் போவுது. உங்க ஊரு தோஷம் பூரா எங்க வலையிலதான் கெடக்கு அண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். அன்றைக்கிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வரும். "அண்ணே, மேல என்ன விசேஷம்?" என்பான். "ஒண்ணுமில்ல, எல்லாம் எங்கிட்டதான் இருக்கு" என்பேன். பிறகு ஊர்க்கதை பேசுவோம். சிப்பிமுனையில் மீன்பிடிக்கிறவர்களுக்கு மாலையே பிடிக்கவில்லை. வள்ளம் போக வர இடைஞ்சல். இவன் வீடு வீடாகப் போய்ப் பேசினான். வலையில் மீனுக்குப் பதில் பிளாஸ்டிக் பை ஏறுவது நிற்கும், ஆறு மாசம் பொறுங்க, நிற்காவிட்டால் நானே அறுத்து எறிகிறேன், என் பொறுப்பு என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னானாம். அந்த வாக்கின் பேரில்தான் ஊர் சம்மதித்தது.

தை மாசம் என் வீட்டுக்காரி போய்விட்டாள். உலகம்மாள். நெஞ்சு வலி என்றாள், ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தாள்.

கேள்விப்பட்டதும் கித்தேரியான் அவன் மனைவி பிரகாசியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நேர் பஸ் கிடைக்காமல் மூன்று பஸ் மாறி. கையில் கருப்பட்டி. "நல்ல சீலா மீனு கெடச்சுது, நீங்க சைவம்லா, அதான் இது" என்றான். சுவரில் அவள் படம் மாட்டியிருந்தது. என் அக்கா மகள் கல்யாணத்தில் எடுத்தது. கத்திரிப்பூ நிறச் சேலை, கரையில் மாங்காய். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினிய ஒரு தடவ கடலு பாக்கக் கூட்டிட்டு வந்திருக்கலாமே அண்ணே."

வந்திருக்கலாம். அவளும் கேட்டிருக்கிறாள். இந்த பஸ் நேரே அங்கேதானே வருகிறது. பகலில் தூங்கணும், பகலில் தூங்கணும் என்றே சொல்லிவிட்டேன்.

பாருங்க, எங்கேயோ போய்விட்டேன். ஆடி அமாவாசையைச் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு அணையில் தண்ணீர் விட்டிருந்தார்கள், பகல்காரர்கள் பரிசல் இறக்க முடியாமல் குப்பை அள்ளாமலே கிடந்தது. ஜனம் தாங்கவில்லை. படித்துறையில் இருந்து பார்த்தால் மாலை நன்றாகத் தெரியும். அதுதான் தொந்தரவு. விட்ட துணி எல்லாம் கொஞ்ச தூரம் போய், கண் முன்னால் மாலையில் முட்டி நிற்கிறது. ஓர் அம்மாள் கத்தினாள்: "ஏ, என் சேலை அங்கனயே கெடக்கே! போவலையே! பரிகாரம் பலிக்குமா?" அவள் கத்தவும் எல்லாரும் பார்க்கிறார்கள். தேங்காய்க் கடைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஓய் ஆவுடைநாயகம், இப்படி நிப்பாட்டி வச்சா ஆளு எப்படிவே வரும்? அவுத்து விடும்." நான் என்ன பண்ணுவேன்? ஜனங்களுடைய மனசு இருக்கிறது. நம்பி வருகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் தளர்த்தினேன்.

திறக்கவில்லை அண்ணாச்சி. திறந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. தளர்த்தினேன். ஒரு முழம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

சரி. நான் தளர்த்தினபோது கூட்டம் இல்லை. கலைந்து போயிருந்தது. கடைக்காரர்கள் தட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தின அம்மாள் எப்போதோ வேன் ஏறிப் போய்விட்டாள். அவிழ்த்து விடு என்றதெல்லாம் காலையில். அந்த நேரத்தில் யாரும் சொல்லவில்லை.

காலையில் நானும் முங்கினேன். அவள் போன பிறகு வருகிற முதல் ஆடி. திதி கொடுத்த சாஸ்திரிகள், வீட்டம்மாள் ஆசைப்பட்டுக் கட்டினது ஏதாவது இருந்தால் ஒன்றை ஆற்றில் விட்டுவிடுங்கள், மனசு லேசாகும் என்றார். அந்தக் கத்திரிப்பூச் சேலையை விட்டேன். தண்ணீர் வாங்கிக்கொண்டது. முறைப்படி திரும்பிப் பார்க்காமல் படியேறி வீட்டுக்கு வந்து படுத்தேன். மாசக் கணக்கில் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது.

பொழுது சாயும்போது வேலைக்குப் போகிறேன், மாலையில் மாட்டிக் கிடக்கிறது. நடு பீப்பாயில். தெர்மாகோல் தட்டு, பிராந்தி பாட்டில், குழந்தைக்குக் கட்டுகிற பேம்பர்ஸ், அதற்கு நடுவில் மாங்காய்க் கரை விரிந்து ஆடுகிறது.

கொக்கிக் கம்பு என் கையில்தான் இருந்தது. இழுத்துப் போடுவது என் வேலை. எத்தனை பேர் வீட்டுத் துணியை இழுத்திருக்கிறேன். அதை இழுக்கக் கை வரவில்லை. அவளைக் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவிட்டு விடிய விடிய அதையே பார்த்துக்கொண்டு உட்காரவும் முடியாது. அது ஒன்று மட்டும் போனால் போதும் என்று ஓரத்துக் கயிற்றைக் கொஞ்சம்...

ஒரு முழம்தான். ஆனால் தண்ணீருக்கு ஒரு முழம் போதும். அன்றைய துணி முழுக்க ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பாய் மாதிரி கிடந்தது. அவள் சேலை நகர்ந்தது, கூடவே அத்தனையும் நகர்ந்தது. நான் கயிற்றை இறுக்கிக் கட்டுவதற்குள் மாலை காலியாகிவிட்டது. சுத்தமாக. அவ்வளவு சுத்தமாக அந்த மாலையை நான் பார்த்ததே இல்லை.

போன் பண்ணியிருக்கலாம். நீங்க அதைத்தானே நினைக்கிறீங்க? பண்ணினால், ஏன் அண்ணே தளர்த்தினீங்க என்று கேட்பான். என்ன சொல்வது?

நான் பண்ணவில்லை. அவனே பண்ணினான். விளக்கு வைக்கிற நேரம்.

"அண்ணே, இன்னைக்கு அமாவாசை. நல்ல கூட்டமாமே? தண்ணி வேற வரத்து கூடுதல். ஏதும் வருதா? சொல்லுங்க, நம்ம பயலுவள நிப்பாட்டி வைக்கேன்."

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. நீ படுத்துத் தூங்கு."

அவ்வளவுதான் சொன்னேன். தினமும் சொல்கிறதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

தூங்கியிருக்கிறான். மறுநாள் கருக்கலில் எழுந்து பார்த்தால், மாலை வில் மாதிரி வளைந்து நிற்கிறதாம். ஈரத்துணி என்ன கனம் கனக்கும் தெரியுமா? ஒற்றை ஆளாக வள்ளத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். விலக்கிவிடப் பார்த்திருக்கிறான். எஞ்சின் விசிறியில் துணி சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை விட்டு இழுத்திருக்கிறான், அந்த நேரம் மாலைக் கயிறு அறுந்து வந்து விசிறியோடு சேர்த்துக் கையை இறுக்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மாலையில் இருந்தது எல்லாம் கடலுக்குள் போய், அப்போதுதான் விரித்திருந்த வலை அத்தனையிலும் ஏறிவிட்டது. சிப்பிமுனை மட்டுமில்லை, அக்கம்பக்கத்து ஊர்க் கரையிலெல்லாம் எங்கள் ஊர் வேட்டி சேலை ஒதுங்கினதாம். இதெல்லாம் மேடம் சொல்லித்தான் தெரியும்.

விசாரணை வைத்தார்கள். எங்கள் வார்டு மெம்பர் என்னை முந்தின நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மாலை இறுக்கமாத்தான் இருந்துதுன்னு சொல்லிரும்வே. நம்ம ஊரு பேரு கெட்டுறக் கூடாது." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகலாம் என்றுதான் சட்டை மாட்டினேன். அதற்குள் மேடத்திடமிருந்து போன்.

"நீங்க வர வேண்டாம் ஆவுடைநாயகம். கித்தேரியான் ஒத்துக்கிட்டார். மேல இருந்து முறைப்படி போன் வந்துச்சாம். இவர்தான் அசந்து தூங்கிட்டாராம்."

ஏன் அப்படிச் சொன்னான்? எனக்குப் புரியவில்லை. நான் அவனிடம் குப்பை வருகிறது என்று சொன்னேனா? ஒன்றுமில்லை என்றல்லவா சொன்னேன்? அதை அவன் சொல்லியிருந்தால் அவன் வேலை தப்பியிருக்கும். "சரிங்க மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல? அவனே ஒத்துக்கொண்டபோது நடுவில் போய் நான் அவனைப் பொய்யனாக்குவதா?

அவனை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அவன் ஊரில் கோயில் வாசலில் கூட்டம். உன்னை நம்பித்தானே சம்மதித்தோம், தூங்கிவிட்டாயே என்று நிற்க வைத்துக் கேட்கப் போகிறார்கள். கூட்டுக்குழுவே வேண்டாம், மாலையும் வேண்டாம் என்று முடிவு எடுப்பார்கள் போலிருக்கிறது. அப்படி எடுத்துவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, ஊரில் முகமும் இல்லை.

கூட்டம் என்று சொல்லியனுப்பினது பிரகாசி. அவளும் போனில் பேசவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் இந்த பஸ் கண்டக்டரிடம் ஒரு பார்சல் கொடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே வாய்ச்சொல்லாக, இன்ன தேதியில் ஊர்க் கூட்டம் என்று மட்டும். பிரித்தால், இது. இதோ, பாருங்க. கத்திரிப்பூ நிறம். துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்திருக்கிறாள். விசிறியில் கிழிந்த இடம் இது. நூல் நிறம் தேடி வாங்கித் தைத்திருக்கிறாள், விரலால் தடவினால்தான் தெரியும். மண்ணெண்ணெய் வாடை மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்தப் படத்தை அவன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தானே அண்ணாச்சி. விசிறியிலிருந்து இதைப் பிரிக்கும்போதே தெரிந்திருக்கும்.

பிறகு ஏன் போனை எடுக்கவில்லை? எடுத்தால் நான் என்ன சொல்வேன் என்று பயந்தானோ? மறுபடியும் "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிடுவேன் என்றா?

என்ன, பாலம் வந்துவிட்டதா? உப்பங்காற்று அடிக்கிறது. அடுத்தது விலக்குதான்.

அண்ணாச்சி, நீங்க கடைசி வரைக்கும் போகிறீங்கதானே. ஓர் உபகாரம். இறங்கின உடனே எதிரில் கடல். இதை அப்படியே அலையில் விட்டுவிட்டுப் போய்விடுங்க. பை வேண்டாம், சேலையை மட்டும். நீங்க யாரோ எவரோ, உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளும் கடல் பார்த்ததில்லை. நான் வெறுங்கையோடு போய் அவனைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். இதை வைத்துக்கொண்டு போனால் கூட்டத்தில் எல்லாரும் என்ன, என்ன என்று கேட்பார்கள். பிடிங்க. கனமே இல்லை. அப்படி மடியில் வைத்துக்கொள்ளுங்க.

அப்பாடா.

...ஒன்றுமில்லை. உங்கள் கைக்கு மாறினதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்க, முன்னாலேயே ஒரு தரம் வந்த மாதிரி இருக்கிறது. அன்றைக்குக் கயிறு தளர்ந்து, மாலை காலியாகி நின்றதே, அப்போது வந்தது. அதே நிம்மதி.

நீங்க ஏன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறீங்க?

கொடுங்க. கொடுங்க அண்ணாச்சி அதை. பை வேண்டாம், அது கிடக்கட்டும். கையிலேயே கொண்டுபோகிறேன். என்ன என்று கேட்கட்டும். கேட்டால்தானே சொல்ல முடியும்.

தம்பி, கண்டக்டர் தம்பி! விசில் அடிச்சிராதப்பா. ஆள் இறங்கணும்.